நடு இடுக்கு

குஷன் அக்கா வேனைப் பின்பக்க கேட் வழியாக உள்ளே ஓட்டி வந்து, பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே இருந்த கொட்டகையின் முன் நிறுத்தியபோது மணி பதினொன்று. பகல்தான். ஆனால் மூன்று நாளாக வானம் மூடிக்கொண்டு கிடந்ததில், பகலுக்குரிய எதுவும் அந்தப் பகலில் இல்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் நின்ற கோல் கம்பங்கள் பாதிக்கு மேல் பனிக்குள் போயிருந்தன. புல்லில் கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர் கசிந்தது.

பஸ் சீட், லாரி சீட், சலூன் நாற்காலி, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி என்று மனிதர்கள் உடம்பைச் சாய்க்கும் எதற்கும் உறை தைப்பது அவள் தொழில். பதினெட்டு வருடத்தில் அவளுக்கு ஒரு விநோதமான வித்தை கைவந்திருந்தது. ஒரு சீட்டின் பள்ளத்தைத் தடவிப் பார்த்தே, அதில் உட்கார்ந்தவர் எந்தப் பக்கம் சாய்வார், எவ்வளவு கனம், பின்பாக்கெட்டில் பர்ஸ் வைப்பவரா என்று சொல்லிவிடுவாள். ஆனால் ரக்பிக்காரர்களின் சாமான் எதையும் அவள் தொட்டதில்லை. தொட விருப்பமும் இல்லை. தம்பி ஒரு வாரமாகக் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கெஞ்சியதால்தான் வந்தாள்.

தம்பி அவளைவிடப் பதினான்கு வயது சின்னவன். அவனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஊட்டியது, குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவன் அழுகிற அழுகைக்குத் தானும் சேர்ந்து அழுதது எல்லாம் அக்காதான். இப்போது இருபத்துநாலு வயதில் மாடு மாதிரி வளர்ந்து ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். சாயங்காலம் ஆனால் ரக்பி. உலகத்தில் அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன். அவனோ தன் கழுத்தைக் கொண்டுபோய் ஏழு பேருக்கு நடுவில் கொடுக்கிறான்.

அந்த ஆட்டத்தில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. எட்டுப் பேர் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக் குனிந்துகொண்டு, எதிரில் அதேபோல் குனிந்து நிற்கும் எட்டுப் பேரை முட்டித் தள்ள வேண்டும். முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் நிற்பவனுடைய இரண்டு கைகளும் பக்கத்து இருவரின் தோளைச் சுற்றிப் போய்விடும். அவன் கழுத்துக்கு ஒன்று என்றால் அவன் கையே உதவிக்கு வராது. தம்பி நிற்பது அந்த நடு இடத்தில். அதைச் சொல்லும்போது அவனுக்கு எவ்வளவு பெருமையோ, கேட்கும்போது அவளுக்கு அவ்வளவு வயிற்றெரிச்சல்.

கொட்டகைக் கதவைத் திறந்துவிட்ட மைதானக்காரர், புல் வெட்டுவது முதல் கோடு போடுவது வரை அங்கே எல்லா வேலையும் பார்க்கிறவர், உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு டார்ச்சை மட்டும் நீட்டினார்.

"அதோ, அதான் வண்டி."

வண்டி என்றால் சக்கரம் கிடையாது. தரையில் சறுக்கிப் போகும் இரண்டு கனத்த இரும்புப் பட்டைகள். அவற்றின் மேல் ஒரு மேடை. கோச் அதில் ஏறி நிற்பார், கனத்துக்கு மணல் மூட்டைகளும் கிடக்கும். முன்பக்கம், குனிந்த ஆளின் தோள் உயரத்தில் வரிசையாக நான்கு மெத்தைகள். ஒவ்வொரு மெத்தைக்குப் பின்னாலும் ஒரு தடித்த ஸ்பிரிங். நான்கு மெத்தைகளுக்கு இடையே மூன்று இடுக்குகள். மூன்று இடுக்கில் மூன்று தலை. எதிரணி இல்லாத நாளில் எட்டுப் பேரும் முட்டிப் பழகுவது இதில்தான்.

"மெத்தையைக் கழட்டிக் கடைக்கு எடுத்துட்டுப் போயிடறேன்," என்றாள்.

"போல்ட் எல்லாம் துருப்பிடிச்சு ஒட்டிப் போச்சு. இங்கேயே வெச்சுத்தான் தைக்கணும்."

"எத்தனை வருஷமா கிடக்கு?"

"ஆறு."

"இவ்வளவு நாள் எதுல பழகினாங்க?"

"பக்கத்து கிளப்பு வண்டியை இரவல் வாங்கி ஓட்டிட்டு இருந்தாங்க. வர்ற சனிக்கிழமை அந்தக் கிளப்போடவே மேட்ச். இனிமே குடுப்பானுங்களா?" சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. "தைக்கிறப்ப கதவைச் சாத்திக்காதீங்கம்மா. காத்து வரட்டும்."

உள்ளே துருவும் நனைந்த மண்ணும் வாடை அடித்தன. அதற்கு அடியில் இன்னொரு வாடை. வலிக்குத் தடவும் தைலமும் வேர்வையும் கலந்த வாடை, தம்பியின் பனியனில் தினமும் அவள் முகர்கிறதேதான். ஆறு வருடம் ஆள் படாத இடத்தில் அது எப்படி இன்னும் ஆறாமல் இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. தலைக்கு மேல் வேலை இருந்தது.

முதல் மெத்தையின் ரெக்ஸினைக் கீறி உரித்தாள். உள்ளே ஸ்பாஞ்ச் உளுத்துப்போய் மாவாகக் கொட்டியது. அப்படித்தான் இருக்க வேண்டும். வழித்துப் போட்டுவிட்டு இரண்டாவதை உரித்தாள்.

அது உளுத்திருக்கவில்லை.

நடு இடுக்கைப் பார்த்த ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. விரல்களை விட்டுத் தடவினாள். தோள் பட்ட பள்ளம் அகலமாக, ஆழமில்லாமல் இருக்கும். இது அப்படியில்லை. கன்ன எலும்பின் மேடு விழுந்த குழி, அதற்குப் பின்னால் மடங்கி நசுங்கிய ஒரு காதின் அச்சு. மூன்றாவது மெத்தையை உரித்தாள். அதன் ஓரத்தில் மறுபக்கக் கன்னமும் மறுபக்கக் காதும் அதேபோல் பதிந்திருந்தன.

முட்டிவிட்டு எழுந்து போகிறவன் இவ்வளவு ஆழமாகப் பதிய மாட்டான். வெகுநேரம் அசையாமல் இருந்தவன் விட்டுப்போன பள்ளம் அது. பள்ளத்தின் அடி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

சீட்டிலிருந்து இப்போதுதான் எழுந்து போன ஆளின் சூடு அவளுக்கு நன்றாகத் தெரியும். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு, பழைய ஸ்பாஞ்சை முழுவதும் பிடுங்கி எறிந்தாள். புதுசை அளந்து வெட்டி, பசை தடவி ஒட்டி, மேலே கறுப்பு ரெக்ஸினை இழுத்துப் பிடித்து வளைந்த ஊசியால் தைத்தாள். நான்கும் முடிய மணி இரண்டரை ஆனது. ஒரு சுருக்கம் இல்லை. சொன்னால் தற்பெருமை என்பார்கள், அந்த வட்டாரத்தில் அப்படித் தைக்க இன்னொரு கை கிடையாது.

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் இரும்பு முனகியது.

திரும்பினாள்.

நான்கு மெத்தைகளும் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தன. மெதுவாக, ஒன்றாக. ஸ்பிரிங்குகள் நெருங்கின. புது ரெக்ஸின் மடிந்து சுருங்கியது. முன்னால் யாரும் இல்லை.

மெத்தைகள் அப்படியே நின்றன. எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முட்டி நிற்கும்போது எப்படி நிற்குமோ அப்படி.

ஓடிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் தன் தையல் கோணிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் அவளால் முடியவில்லை. தொழில் புத்தி பயத்தைவிட ஒரு விநாடி முந்திக்கொண்டது. ஸ்பிரிங் எங்கோ மாட்டியிருக்கிறது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு நடு இடுக்குக்குள் கையை விட்டாள்.

முடி.

நனைந்த, குட்டையாக வெட்டிய முடி.

மணிக்கட்டில் ஒருவன் மூச்சு சூடாகப் பட்டது. மிக அருகில், தரையைப் பார்த்துக் குனிந்திருக்கும் ஒருவனின் நசுங்கிய குரல் கேட்டது.

"சொல்லிட்டாரா?"

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. மைதானக்காரர் அவளைத் தன் அறையில் உட்கார வைத்து டீயைக் கையில் கொடுத்தார்.

"என்னன்னு நான் கேக்கல," என்றார் அவர். "எனக்குத் தெரியும்."

"உள்ளே யாருங்க அது?"

அவர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். பிறகு சொன்னார். ஆறு வருடத்துக்கு முன் நடுவில் நின்றவனுக்கு ஆணி என்று பட்டப்பெயர். அடித்த இடத்தில் அசையாமல் நிற்பான். அப்போதும் இதே கோச்தான். மற்ற கிளப்புகளில் யாருக்காவது வலித்தால் கத்துவார்கள், எல்லோரும் உடனே பிடியை விடுவார்கள். இங்கே அந்தப் பழக்கமே இல்லை. குனி, பிடி, முட்டு என்று மூன்று கட்டளை, நான்காவது, விடு. கோச் விடு என்று சொல்கிற வரைக்கும் செத்தாலும் விடக் கூடாது. புதுப் பையன்கள் முதல் நாள் பாடம் மாதிரி அதைத்தான் படிப்பார்கள்.

"அன்னைக்கு முட்டச் சொல்லிட்டு இவருக்கு ஒரு போன் வந்துச்சு. அந்தப் பக்கம் போய்ப் பேசிட்டே இருந்தாரு. பசங்க முட்டினபடியே நிக்கிறாங்க. நடுவுல அவன் கழுத்து வசமில்லாம மாட்டிக்கிச்சு. அவன் ஏதோ சொல்லியிருக்கான். பின்னாடி இருக்கறவனுக்கு அது முனகல் மாதிரிதான் கேட்டுச்சாம். யாரும் விடல. விடுன்னு சொன்னாத்தானே விடுவாங்க."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம். வந்து பாத்துட்டும் அவரு விடுன்னு சொல்லவே இல்லம்மா. கையாலேயே ஒவ்வொருத்தனா பிச்சுப் போட்டாரு. அதுக்குள்ள முடிஞ்சிருச்சு." அவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். "விசாரணையில, நான் விடுன்னு சொன்னேன், அவன்தான் கேக்காம நின்னான்னு சொல்லிட்டாரு. பசங்களும் தலையை ஆட்டிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வார்த்தையே இங்க கிடையாது. எல்லாம் விசில்தான்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"இருபதடி தள்ளி. கோடு போட்டுட்டு இருந்தேன்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "என்னை யாரும் கேக்கல. நானும் வாயைத் திறக்கல."

மூன்றரைக்குத் தம்பி வந்தான், வாயில் ஏதோ மென்றுகொண்டு, காலணியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு. அக்கா சொன்னதையெல்லாம் நின்று கேட்டான். கேட்டுவிட்டு அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தான்.

"காய்ச்சல் இல்லையே. காலையில சாப்பிட்டியா நீ?"

"விளையாடாதடா. இன்னைக்கு நடுவுல நிக்காத. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"அக்கா, நாலு வருஷம் பெஞ்சுல உக்காந்து தண்ணி பாட்டில் தூக்கி எனக்கு இந்த இடம் கிடைச்சிருக்கு. பேய் இருக்குன்னு அக்கா சொன்னா, அதனால நான் நிக்கலைன்னு கோச்கிட்ட சொல்லட்டுமா? மேட்ச் முடியற வரைக்கும் டிரெஸ்ஸிங் ரூம்ல என்னை வெச்சு ஓட்டுவாங்க."

"ஓட்டட்டும். நீ உசுரோட இருந்தா போதும்."

அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணும் ஆகாதுக்கா. நீ தைச்ச மெத்தைதானே?"

இந்த ஒரு வார்த்தையில் அவள் தோற்றுப்போனாள். அவனிடம் எப்போதும் தோற்பவள்தான். கோச்சிடமும் போனாள். தலை நரைத்த, தாடை இறுகிய மனிதர். அவள் பேச வாயெடுத்ததும், "வேலை சுத்தமா இருக்கும்மா," என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பேச்சைப் பூசி மெழுகுவதில் அவருக்கு ஆறு வருடப் பழக்கம் இருந்தது.

தடுக்க முடியாவிட்டால் காப்பாற்றவாவது வேண்டும். அவளுக்குத் தெரிந்த காப்பு ஒன்றுதான். இன்னும் அரை மணி நேரம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். மைதானக்காரரை வாசலில் நிற்க வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். மெத்தைகள் இப்போது முன்னுக்கு வந்து, சாதுவாக இருந்தன. நடு இடுக்கின் இரண்டு ஓரங்களிலும் தையலைப் பிரித்து, இரண்டு விரல் கனத்துக்கு மென்மையான ஸ்பாஞ்சைக் கூடுதலாகத் திணித்தாள். குழந்தையின் தலைக்கு இரண்டு பக்கமும் தலையணை வைக்கிற மாதிரி. கன்னம் இரும்பில் இடிக்காது, காது நசுங்காது, கழுத்து எந்தப் பக்கமும் சாயாது. மறுபடி இறுக்கித் தைத்தாள்.

பதினாறு பேர் சேர்ந்து வண்டியை வெளியே இழுத்துப் புல்லில் வைத்தார்கள். கோச் மேடையில் ஏறினார். எட்டுப் பேர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் தம்பி. அக்கா பக்கவாட்டுக் கோட்டில் நின்றாள், வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு.

"குனி," என்றார் கோச்.

குனிந்தார்கள்.

"பிடி."

பிடித்தார்கள்.

"முட்டு."

தோள்கள் மெத்தையில் மோதின. வண்டி கிரீச்சென்று ஓரடி பின்னால் சறுக்கியது. சேறு தெறித்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஐந்து எண்ணும் நேரம் கழித்து கோச் விசிலை ஊதினார். பின்வரிசை பிடியை விட்டது. நடுவரிசை விட்டது. முன்வரிசையில் பக்கத்து இருவரும் தலையை உருவிக்கொண்டு எழுந்தார்கள்.

தம்பி எழவில்லை.

குனிந்தபடியே, தலை இடுக்குக்குள் இருந்தபடியே, கால்களைச் சேற்றில் ஊன்றி நின்றான். பக்கத்தில் யாரும் இல்லாமல் அவன் கைகள் மட்டும் இரண்டு பக்கமும் நீண்டு, யாரோ இருவரின் தோளைப் பிடித்திருப்பதுபோல் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"விசில் கேக்கல போலிருக்கு," என்றான் பக்கத்து ஆள். "உள்ளே மெத்தை காதை அடைச்சிருக்கு."

கோச் இன்னொரு முறை ஊதினார்.

நான்கு மெத்தைகளும் அமுங்கியே இருந்தன. முட்டிக்கொண்டிருந்தவன் ஒருவன். அமுங்கியிருந்தவை நான்கு.

பிறகு வண்டி நகர்ந்தது. எட்டுப் பேர் ஓரடி தள்ளத் திணறிய வண்டி, மணல் மூட்டைகளோடும் மேலே நின்ற கோச்சோடும், சத்தமில்லாமல் புல்லில் சறுக்கிப் போனது. இரண்டடி. நான்கடி. தம்பியின் கால்கள் ஒவ்வொன்றாக முன்னே வந்தன. இருவர் ஓடிவந்து அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது.

"இழுக்காதீங்கடா," என்று ஒருவன் கத்தினான். "கழுத்து போயிடும்."

அக்கா சேற்றில் விழுந்து எழுந்து வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். "விசிலைத் தூக்கிப் போடுங்க. வார்த்தையைச் சொல்லுங்க."

"எந்த வார்த்தை?" என்றார் கோச். அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அவர் உதடே சொன்னது.

"அந்தப் பையன் ஆறு வருஷமா காத்துட்டு இருக்கான். சொல்லுங்க."

"நான் அன்னைக்கே சொன்னேன்."

"நீங்க சொல்லல." மைதானக்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். "நான் இருபதடியில இருந்தேன். நீங்க போன்ல பேசிட்டு இருந்தீங்க. நீங்க சொல்லவே இல்ல சார்."

பதினைந்து பேரும் கோச்சைப் பார்த்தார்கள். அவர் தன் காலடியில், இரண்டு மெத்தைகளுக்கு நடுவே தெரிந்த பிடரியைப் பார்த்தார். அங்கே என்ன தெரிந்ததோ, அந்த மனிதருடைய முகம் பொலபொலவென்று உடைந்தது. மேடையிலேயே மண்டி போட்டார்.

"விடு," என்றார். "விடுப்பா. விட்டுடு."

ஸ்பிரிங்குகள் நான்கும் ஒரே சத்தத்தோடு விரிந்தன. தம்பி பின்னால் சரிந்து அக்காவின் மேலேயே விழுந்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. கண் இமை அசைந்தது. அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில், அங்கே நின்ற தடித் தடியான ஆட்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவ்வளவு சந்தோஷத்தை அவள் வாழ்க்கையில் அனுபவித்ததே இல்லை.

இரண்டு தெரு தள்ளி இருந்த ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தில் ஒன்றும் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை என்றார் டாக்டர். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். மைதானக்காரர் கால்மாட்டில் நின்றார். வெளியே பெஞ்சில் கோச் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். மணி ஆறு இருக்கும். ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். கொஞ்சம் கூச்சத்தோடு தலையை அவள் கையிலிருந்து நகர்த்திக்கொண்டான்.

"நீங்கதான் என்னைக் கொண்டுவந்தீங்களா?"

நீங்க. அவள் கை அந்தரத்திலேயே நின்றது.

"ரொம்ப நன்றிங்க," என்றான் அவன். "எங்க அம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா? சீக்கிரம் வந்துடறேன்னு சொல்லிட்டு வந்தேன். பயந்துடுவாங்க."

தலையில் அடிபட்டால் கொஞ்ச நேரம் இப்படிப் பேசுவார்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொள்ளத்தான் அவள் பார்த்தாள். ஆனால் கால்மாட்டில் நின்ற மைதானக்காரர் கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

"ஆணி," என்றார் அவர், மூச்சுக்கும் கீழான குரலில்.

கட்டிலில் இருந்தவன் உடனே திரும்பினான்.

"சொல்லுங்கண்ணே."

கட்டிலில் இருப்பவன் ஆணி என்றால் தம்பி எங்கே? அவள் ஓடினாள். பெஞ்சில் இருந்த கோச்சைச் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பி இழுத்துக்கொண்டு ஓடினாள். வேன் மைதானத்துக்குள் நுழைந்தபோது பனி தரைவரைக்கும் இறங்கியிருந்தது. ஆட்டக்காரர்கள் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். ஹெட்லைட்டைக் கதவுக்கு நேராக எரியவிட்டு, வெட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான்கு மெத்தைகளும் அமுங்கியிருந்தன.

"சொல்லுங்க," என்றாள் கோச்சிடம்.

"விடு," என்றார் அவர், வாசலில் நின்று. "விடு. விடு தம்பி. விடு."

மெத்தைகள் அசையவில்லை. அவள் மண்டியிட்டு நடு இடுக்கில் கன்னத்தை வைத்தாள்.

"டேய். விடச் சொல்றாருடா. கேக்குதா? விட்டுட்டு வாடா."

உள்ளே ஒரு மூச்சு. அப்புறம், தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல், அவள் வளர்த்த குரல்.

"அக்கா? என்னமோ சொல்ற, எனக்கு ஒண்ணும் கேக்கல. கோச் சொல்லிட்டாரா?"

அவனுடைய காதுக்கு இரண்டு பக்கமும் தான் திணித்த இரண்டு விரல் கனம் அவளுக்கு நினைவு வந்தது. தேவைக்கு மேல் ஒரு நூல்கூட இடம் விடாமல் தைத்த தையல். அந்த ஸ்பாஞ்சை மட்டும் எடுத்துவிட்டால் போதும், கேட்டுவிடும், வந்துவிடுவான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரியின் நுனியைத் தையலில் கொடுத்தாள். பின்னால் கோச் விடு, விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு அங்குலம் வெட்டினாள்.

"மெதுவாக்கா," என்றது உள்ளே. "வலிக்குது."

கத்தரியின் வாய் ஈரமாகியிருந்தது. அவளால் அதை வெளியே எடுக்கவும் முடியவில்லை, மேலே வெட்டவும் முடியவில்லை.